49 குற்றச்சாட்டுகள், 128 பக்கங்கள்: காத்தரினா கெப்ளர் வழக்கு

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் சுருக்கித் திருத்திய அச்சு வடிவம்)



1577-ஆம் ஆண்டின் இறுதியில் ஐரோப்பாவின் வானில் பெரிய வால்மீன் ஒன்று தோன்றியது. இன்றைய ஜெர்மனியின் தென்மேற்கில், வுர்ட்டம்பெர்க் நாட்டைச் சேர்ந்த லியோன்பெர்க் என்ற சிற்றூரில், ஒரு தாய் தன் மகனின் கையைப் பிடித்து உயரமான ஓர் இடத்துக்கு அழைத்துப் போய் அதைக் காட்டினார். பையனுக்கு அப்போது ஆறு வயதுகூட நிறையவில்லை. அவன்தான் பின்னாளில் கோள்கள் நீள்வட்டப் பாதையில் சுற்றுகின்றன என்று கண்டு சொன்ன யோகான்னஸ் கெப்ளர். அந்தத் தாய் காத்தரினா. சூனியக்காரி என்ற குற்றச்சாட்டில் எழுபது வயதுக்கு மேல் சங்கிலியில் கட்டப்பட்டு, 14 மாதங்கள் சிறையில் கிடந்தவர்.

இந்த வழக்கை நம்மில் பலர் ஒரே மாதிரியாகக் கேள்விப்பட்டிருக்கிறோம். ஊர் மூடநம்பிக்கையில் மூழ்கிக் கிடந்தது, விஞ்ஞானியான மகன் பகுத்தறிவின் விளக்கோடு வந்தார், இருள் விலகியது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஆவணங்கள் இதைச் சொல்லவில்லை. சூனியக்காரிகளே இல்லை என்று கெப்ளர் எந்த இடத்திலும் வாதாடவில்லை. அப்படி வாதாடியிருந்தால் தாயைக் காப்பாற்றியிருக்கவும் முடியாது. ஒவ்வொரு குற்றச்சாட்டையும் தனித்தனியே எடுத்து, எப்போது நடந்தது, யார் பார்த்தார்கள், வேறு காரணம் இருக்க முடியாதா என்று அவர் கேட்டுக்கொண்டே போனார். நம்பிக்கையோடு மோதாமல் சான்றைச் சோதித்ததால் கிடைத்த வெற்றி இது. இன்றைய உரையின் மையக் கருத்து இதுவே. அதை ஐந்து பகுதிகளாகப் பார்ப்போம்.

1. தொடக்கம் ஒரு தெருச் சண்டை

காத்தரினா ஒரு விடுதிக்காரரின் மகள். கணவர் ஹைன்ரிக் கூலிப்படை வீரர். அடிக்கடி போருக்குப் போனவர், ஒரு தடவை போனவர் திரும்பவே இல்லை. பிள்ளைகளை வளர்த்து, நிலபுலன்களைப் பார்த்து, வரவு செலவைக் கவனித்தவர் காத்தரினா. நாக்கு கொஞ்சம் நீளம். அக்கம்பக்கத்தில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் மூலிகைகளை ஊறவைத்துக் கைவைத்தியம் செய்வதும் உண்டு. எந்த ஊரிலும் இப்படி ஒரு மூதாட்டி இருப்பார்.

அதே ஊரில் கண்ணாடி வேலை செய்யும் ஒருவரின் மனைவி உர்சுலா ரைன்போல்ட். இரு பெண்களுக்கும் முன்பு நல்ல பழக்கம், பிறகு மனக்கசப்பு. உர்சுலாவுக்கு நாள்பட்ட நோய் ஒன்று இருந்தது. காத்தரினா வீட்டில் குடித்த கசப்பான பானத்தால்தான் அது வந்தது என்று அவர் சொல்லத் தொடங்கினார். உர்சுலாவின் சகோதரர் ஊர்பான் க்ராய்ட்லின், ஆளும் குடும்பத்தாரிடம் வேலை பார்த்த நாவித வைத்தியர். நாவிதமும் சிறு அறுவைச் சிகிச்சையும் அக்காலத்தில் ஒரே தொழில். ஊர் அதிகாரி லுத்தெருஸ் ஐன்ஹார்னும் அவருக்கு வேண்டியவர்.

1615 ஆகஸ்டில் ஒரு நாள் இருவரும் குடித்துவிட்டு, காத்தரினாவை ஊர் அலுவலகத்துக்கு வரவழைத்தார்கள். க்ராய்ட்லின் வாளை உருவி மூதாட்டியின் மார்புக்கு நேரே நீட்டினார். "என் சகோதரிக்கு வைத்த சூனியத்தை எடு" என்பது மிரட்டலின் சாரம்.

இங்கே ஒரு பொறி இருந்தது. உயிருக்குப் பயந்து "சரி, எடுக்கிறேன்" என்று காத்தரினா சொல்லியிருந்தால், சூனியம் வைத்ததை ஒப்புக்கொண்டதாகிவிடும். நான் நோயைக் கொடுக்கவில்லை, அதனால் அதை எடுக்கவும் என்னால் முடியாது என்ற நிலையில் அவர் உறுதியாக நின்றார். பயந்து பின்வாங்கவும் இல்லை. குடும்பத்தாரோடு சேர்ந்து அவதூறு வழக்கைத் தொடுத்தார். ஆக, முதலில் நீதிமன்றம் போனவர் காத்தரினாதான். சூனிய வழக்கு என்று நாம் இன்று சொல்வது அந்த மானநஷ்ட வழக்குக்கு எதிர்த்தரப்பு கொடுத்த பதிலடி.

2. புரளி சான்றாக மாறிய விதம்

சூனிய வேட்டை என்றதும் கையில் தீப்பந்தம் ஏந்திய கூட்டம் நம் கண்முன் வருகிறது. ஆனால் பெரும்பாலான வழக்குகள் எழுத்தர், சாட்சி, வாக்குமூலம், முத்திரை என்று முறைப்படியே நடந்தன. 15-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து 18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஐரோப்பாவில் சூனியக் குற்றத்துக்காகக் கொல்லப்பட்டவர்கள் 40,000 முதல் 50,000 வரை என்பது வரலாற்றாய்வாளர்களின் பொதுவான கணக்கு. அவர்களில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் பெண்கள். ஜெர்மன் மொழி பேசிய நாடுகளில்தான் மிக அதிகம்.

ஜெர்மன் நாடுகளில் 1532-ஆம் ஆண்டின் "கரோலினா" குற்றவியல் சட்டம் வழிகாட்டியாக இருந்தது. மரண தண்டனை விதிக்க, ஒன்று குற்றவாளியின் ஒப்புதல் வேண்டும். அல்லது நேரில் கண்ட நம்பத்தகுந்த இரு சாட்சிகள் வேண்டும். கேட்க நியாயமான சட்டம்தான். ஆனால் சூனியத்தை நேரில் பார்த்தவர் யார்? ஆகவே ஒப்புதல் ஒன்றே வழி. ஒப்புதல் பெறச் சித்திரவதைக்குச் சட்டம் இடம் கொடுத்தது. அதற்குப் போதுமான சந்தேகக் குறிகள் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. கெட்ட பெயர் ஒரு குறி. ஒருவரைத் திட்டியபின் அவருக்குக் கேடு வந்தால் அதுவும் ஒரு குறி. ஊர்ப் பேச்சு சட்டத்துக்குள் நுழைந்த வாசல் இதுதான்.

காத்தரினா விஷயத்தில் குறிகள் எப்படிச் சேர்ந்தன என்று பாருங்கள். அவதூறு வழக்கைத் தாமதப்படுத்திக்கொண்டே இருந்தார் ஐன்ஹார்ன். கடைசியில் 1616 அக்டோபரில் விசாரணைக்கு நாள் குறித்தார்கள். அதற்குச் சில நாள்கள் முன்பு, சூளைக்குச் செங்கல் சுமந்து போன ஒரு சிறுமி பாதையில் காத்தரினாவைக் கடந்து சென்றாள். கிழவி தன் கையில் அடித்ததாகவும், அதன்பிறகு கை வலித்து மரத்துப்போனதாகவும் சொன்னாள். ஐன்ஹார்ன் கையைப் பார்த்தார். இது சூனியக்காரியின் பிடிதான் என்று அறிவித்தார். அவதூறு வழக்கு அத்தோடு நின்றது.

பதறிப்போன காத்தரினா ஒரு பிழை செய்தார். இந்தப் புதிய புகாரை மேலே அனுப்பாமல் பழைய வழக்கை நடத்தும்படி அதிகாரியைக் கேட்டு, ஒரு வெள்ளிக் கோப்பை தருவதாகச் சொன்னார். அது லஞ்சம் என்று பதிவாயிற்று. பிள்ளைகள் அவரைப் பத்திரமாக இருக்கட்டும் என்று ஆஸ்திரியாவின் லின்ஸ் நகருக்கு, கெப்ளரிடம் அனுப்பினார்கள். அது தப்பியோட்டம் என்று பதிவாயிற்று. நிரபராதியான ஒரு வயோதிகப் பெண் பயத்தில் என்னென்ன செய்வாரோ, அத்தனையும் குற்றத்தின் அடையாளமாக ஏட்டில் ஏறின.

3. ஒரு நூலின்மேல் விழுந்த பழி

இந்த வழக்கைச் சுற்றி நீடிக்கும் புதிர் ஒன்று உண்டு. கெப்ளர் 1609 அளவில் "சோம்னியம்", அதாவது "கனவு", என்ற கதையை லத்தீனில் எழுதினார். நிலவிலிருந்து பார்த்தால் வானமும் பூமியும் எப்படித் தெரியும் என்று சொல்வதற்காகப் புனைந்த கதை. அதில் ஐஸ்லாந்தைச் சேர்ந்த ஓர் இளைஞன் வருகிறான். அவனுடைய தாய் மூலிகைகள் அறிந்தவள், ஆவிகளோடு பேசக்கூடியவள். ஆவி ஒன்றை அழைத்து நிலவுலகத்தைப் பற்றி மகனுக்குக் கேட்க வைக்கிறாள். அந்த இளைஞன் டென்மார்க்கில் டைக்கோ பிராஹேயிடம் வானியல் படிக்கிறான். கெப்ளரும் டைக்கோவின் உதவியாளராக இருந்தவர்தான். கதையில் வரும் தாயைக் காத்தரினாவோடு பொருத்திப் பார்ப்பது எளிது.

கையெழுத்துப் பிரதி 1611-இல் கைமாறி ஊர் ஊராகப் போயிற்று. அது முடிதிருத்தும் கடைகளில் பேச்சுக்குப் பொருளாகி, தாய்மேல் சந்தேகத்தை மூட்டியிருக்கலாம் என்று கெப்ளரே பின்னாளில் அந்நூலின் குறிப்புகளில் எழுதினார். அந்தக் குற்ற உணர்வு அவரை விடவில்லை. வழக்கு முடிந்த பிறகும் பல ஆண்டுகள் "கனவு"க்குக் குறிப்புகள் எழுதிக்கொண்டே இருந்தார். அவர் இறந்தபின் 1634-இல்தான் அது அச்சேறியது. இதை வைத்து, உலகின் முதல் அறிவியல் புனைகதை தன்னை எழுதியவரின் தாயையே தண்டிக்கப் பார்த்தது என்ற கதை பரவியது.

வழக்கு ஏடுகள் வேறு மாதிரி பேசுகின்றன. காத்தரினாமேல் சுமத்திய 49 குற்றச்சாட்டுகளில் அந்த நூலைப் பற்றிப் பேச்சே இல்லை. சாட்சி சொன்னவர்கள் கண்ணாடிக்காரர் மனைவி, கசாப்புக்காரர், பள்ளி ஆசிரியர், தையற்காரர் போன்றவர்கள். லத்தீன் கையெழுத்துப் பிரதி அவர்கள் உலகத்தில் இல்லை. அவர்கள் பேசியது கை வலி, கால் வலி, செத்துப்போன குழந்தை, நோயில் விழுந்த கன்று. மகனின் புகழ்தான் தாயை மாட்டிவிட்டது என்று நினைக்கும்போது நாம் வழக்கை கெப்ளரின் கதையாக்கிவிடுகிறோம். அது காத்தரினாவின் கதை. லியோன்பெர்க் தெருவின் கதை.

4. எட்டுக் கலைக்கு மதிப்புக் கொடுத்தவரின் எதிர்வாதம்

1620 ஆகஸ்ட் 7 இரவு. லின்ஸிலிருந்து திரும்பிவிட்ட காத்தரினா, ஹோய்மாடன் என்ற ஊரில் மகள் மார்கரெதாவின் வீட்டில் உறங்கிக்கொண்டிருந்தார். மருமகன் கேயார்க் பிண்டர் அவ்வூர்ப் பாதிரியார். ஆள்கள் வந்து மூதாட்டியை எழுப்பினார்கள். ஊரார் கண்ணில் படாமலிருக்கத் துணி வைக்கும் மரப்பெட்டிக்குள் அவரை வைத்துத் தூக்கிப் போனார்கள். பிறகு கியூக்லிங்கன் என்ற ஊரில் இரும்புச் சங்கிலியில் பிணைத்தார்கள். காவலுக்கு இருவர். காவல் செலவும் விறகுச் செலவும் அவருடைய சொத்திலிருந்தே.

குடும்பம் ஒற்றுமையாக நிற்கவில்லை. இளைய மகன் கிறிஸ்டோஃப் லியோன்பெர்க்கில் வெள்ளீயப் பாத்திரத் தொழில் செய்தவர். ஊரில் தலைகாட்ட வேண்டியவர், ஒதுங்கிக்கொள்ளவே பார்த்தார். துணிந்து நின்றவள் மகள் மார்கரெதா. 1615-ஆம் ஆண்டின் கடைசி நாள்களில் கெப்ளருக்கு நிலைமையைத் தெரிவித்த கடிதமும் அவளுடையதுதான்.

கெப்ளர் அப்போது எந்த நிலையில் இருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். 1617-லும் 1618-லும் அடுத்தடுத்து இரு சிறு பெண் குழந்தைகளைப் பறிகொடுத்தவர். அந்தத் துயரத்துக்கு இடையில்தான் 1618 மே 15 அன்று கோள்களின் சுற்றுக்காலத்துக்கும் சூரியனிலிருந்து அவற்றின் தொலைவுக்கும் உள்ள உறவை உறுதிசெய்தார். அதை நாம் மூன்றாம் விதி என்கிறோம். அதே மாதத்தில் முப்பதாண்டுப் போர் மூண்டது. 1620-இல் படைகள் லின்ஸுக்குள் நுழைந்தன. அவர் வீட்டைக் காலி செய்து, மனைவி மக்களை ரேகன்ஸ்பர்க்கில் விட்டுவிட்டுத் தாயிடம் வந்தார். புகழ்பெற்ற பேரரசு கணிதர் ஓராண்டுக்கு மேல் தன் வேலையை ஒதுக்கி வைத்து, சொந்த ஊர்ப் பக்கம் வழக்குக்காக அலைந்தார். கைதி தன் மகனான கணிதரின் துணையோடு ஆஜராகிறாள் என்று எழுதும்போது நீதிமன்ற எழுத்தர் இடையில் ஒரு "அந்தோ"வையும் சேர்த்துவிட்டார். கெப்ளர் வந்தது அவர்களுக்கு எவ்வளவு இடைஞ்சலாக இருந்தது என்பதற்கு அந்த ஒரு சொல் போதும்.

இளமையில் இதே மகன் குடும்பத்தாரின் ஜாதகங்களைக் குறித்தபோது, தாயைச் சிறுத்த, மெலிந்த, கருத்த உருவம் என்றும், வாயாடி, சண்டைக்காரி என்றும் எழுதி வைத்திருந்தார். பிற்கால வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் பலர் அந்த வரிகளை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். ஐம்பது வயதை நெருங்கும்போது அதே கை வேறொன்றை எழுதியது. முதலில் வழக்கை வாய்மொழியாக அல்லாமல் எழுத்து வழியாக நடத்த வேண்டும் என்று அவர் கேட்டார். செலவு கூடும், காலம் நீளும். ஆனால் சொன்ன சொல்லை யாரும் மாற்ற முடியாது. டூபிங்கனில் சட்டம் கற்பித்த பழைய நண்பர் கிறிஸ்டோஃப் பெசோல்டின் ஆலோசனையும் கிடைத்தது. 1621 ஆகஸ்டில் நீதிமன்றத்துக்குப் போன இறுதி எதிர்வாதம் 128 பக்கங்கள். அதில் பெரும்பகுதி கெப்ளரின் சொந்தக் கையெழுத்து.

அதன் நடையைச் சில எடுத்துக்காட்டுகளால் பார்க்கலாம்.

சிறுமியின் கை வலி: அவள் அளவுக்கு மீறிச் செங்கல் சுமந்தவள். சுமை இறக்கிய கை மரத்துப்போவதற்குச் சூனியம் எதற்கு?

பள்ளி ஆசிரியரின் முடம்: இவர் கெப்ளரோடு பள்ளியில் படித்தவர்; மகனிடமிருந்து வரும் கடிதங்களைக் காத்தரினாவுக்குப் படித்துக் காட்டியவர். அந்த வீட்டில் ஒரு வெள்ளீயக் கோப்பையில் குடித்ததால் கால் முடமாயிற்று என்றார். அவர் ஒரு பள்ளத்தைத் தாண்டிக் குதித்தபோது அடிபட்டவர் என்பதைக் கெப்ளர் எடுத்துக் காட்டினார்.

உர்சுலாவின் நோய்: அந்தப் பானம் குடித்ததாகச் சொல்லும் காலத்துக்கு முன்பிருந்தே அவருக்கு உடல்நலக் கோளாறுகள் இருந்தன, கடுமையான மருந்துகளையும் உட்கொண்டிருந்தார்.

மண்டையோடு: இதுதான் கேட்பவரைத் திடுக்கிட வைத்த குற்றச்சாட்டு. காத்தரினா வெட்டியானிடம் தன் தந்தையின் மண்டையோட்டைத் தோண்டித் தரச் சொன்னது உண்மை. அதற்கு வெள்ளிப் பூண் போட்டு மகனுக்குக் கோப்பையாக்கித் தர நினைத்தார். கெப்ளர் இதை மறுக்கவில்லை. முற்காலத்து மக்கள் அப்படிச் செய்ததைப் பிரசங்கம் ஒன்றில் கேட்டு வந்த எண்ணம் அது என்று விளக்கினார். வெட்டியான் அது கூடாது என்றதும் காத்தரினா அதை விட்டுவிட்டார்.

நடந்ததை நடந்தது என்று ஒப்புக்கொள்வது, அதற்கு ஏற்றிய பொருளை மட்டும் மறுப்பது: இந்த 128 பக்கங்களின் உத்தி இதுதான். வானியல் தெரிந்தவர்களுக்கு இது பழக்கமான முறை. செவ்வாய்க் கோளின் பாதையைக் கணித்தபோது கெப்ளரின் வட்டக் கணக்குக்கும் டைக்கோவின் அளவீட்டுக்கும் எட்டுக் கலை வேறுபாடு வந்தது. ஒரு பாகையின் அறுபதில் எட்டுப் பங்கு. முழுநிலவின் அகலத்தில் கால்பங்கு அளவு. மற்றவர்கள் கண்டுகொள்ளாமல் விட்டிருப்பார்கள். டைக்கோவின் கண் அவ்வளவு பிழை செய்யாது என்று நம்பிய கெப்ளர், தன் கொள்கையைத்தான் மாற்றினார். 1609-இல் வெளிவந்த "புதிய வானியல்" அப்படி உருவானது. தரவு சிறியது என்று தள்ளாமலும், தனக்கு வேண்டியதை அதன்மேல் ஏற்றாமலும் இருந்த அந்தப் பழக்கம் நீதிமன்றத்திலும் அவரோடு வந்தது. ஊரார் ஒவ்வொரு வலிக்கும் ஒரே காரணத்தைப் பார்த்தார்கள். அவர் ஒவ்வொரு வலிக்கும் அதனதன் காரணத்தைத் தேடினார்.

அவருடைய எல்லையையும் மறைக்க வேண்டியதில்லை. சூனியம் என்ற குற்றமே கிடையாது என்று அவர் சொல்லவில்லை. லியோன்பெர்க்கில் அதே ஆண்டுகளில் சூனியக்காரிகளென்று தண்டிக்கப்பட்ட மற்றப் பெண்களுக்கு இப்படி 128 பக்கம் எழுத மகன் இல்லை.

5. கடைசிச் சொல் காத்தரினாவுடையது

ஏடுகள் டூபிங்கன் பல்கலைக்கழகச் சட்டத் துறைக்குப் போயின. கடினமான வழக்குகளில் சட்டப் பேராசிரியர்களின் கருத்தைக் கேட்பது அன்றைய ஜெர்மன் நடைமுறை. சித்திரவதைக்குப் போதுமான சான்று இல்லை. முழுவதும் விடுவிக்கவும் முடியாது. ஆகவே நடுவழி ஒன்றைச் சொன்னார்கள்: சித்திரவதைக் கருவிகளைக் காட்டி மிரட்டலாம், ஆனால் உடம்பைத் தொடக்கூடாது.

1621 செப்டம்பர் 28 அன்று கியூக்லிங்கனில் காத்தரினாவைக் கொலைஞர் முன் கொண்டுபோய் நிறுத்தினார்கள். கருவிகள் ஒவ்வொன்றாக அவருக்குக் காட்டப்பட்டன. எது எந்த மூட்டை என்ன செய்யும் என்று விளக்கப்பட்டது. தொடக்கூடாது என்ற கட்டளை அவருக்குத் தெரியாது. மகன் பக்கத்தில் இல்லை. வழக்கறிஞர் இல்லை. அந்த அறையில் 128 பக்கங்களால் எந்தப் பயனும் இல்லை. ஆம் என்று ஒரு சொல் வாயிலிருந்து வந்திருந்தால் அத்தனை எழுத்தும் வீண்.

முன்பு விசாரணையில், இவள் கண்ணில் நீர் வரவில்லை, அதுவே சூனியக்காரியின் அடையாளம் என்று குறித்திருந்தார்கள். வாழ்நாளெல்லாம் அழுது தீர்த்துவிட்டேன், இனிக் கண்ணீர் இல்லை என்று பதில் சொன்னவர் அவர். இப்போதும் அழவில்லை. உடம்பிலிருந்து நரம்பு நரம்பாக உருவினாலும் ஒப்புக்கொள்ள என்னிடம் ஒன்றும் இல்லை என்ற கருத்தில் பேசினார். மண்டியிட்டுப் பரமண்டல ஜெபம் சொன்னார். நான் சூனியக்காரி என்றால் கடவுளே ஓர் அடையாளம் காட்டட்டும் என்று வேண்டினார். அதிகாரி இவ்வளவையும் குறித்து மேலிடத்துக்கு அனுப்பினார்.

வரலாற்று நூல்கள் இந்த வழக்கை மகனின் வெற்றியாகவே சொல்லி வந்திருக்கின்றன. மகன் செய்தது மகத்தானது. ஆனால் 1615-இல் வாள்முனையிலும் 1621-இல் கொலைஞர் முன்னும் சட்டம் எதிர்பார்த்த அந்த ஒரு சொல்லைத் தர மறுத்தவர் காத்தரினா. முதல் தடவை அவதூறு வழக்குக்கு வழி திறந்தது அந்த மறுப்புதான். இரண்டாம் தடவை விடுதலைக்கும் அதுதான் வழி திறந்தது. கெப்ளர் சான்றுகளைத் தளர்த்தி, சித்திரவதை நடக்காமல் தடுத்தார். மிச்ச தூரத்தை அந்த மூதாட்டி தனியே நடந்தார்.

அவையோர்களே, 1621 அக்டோபரில் காத்தரினா விடுவிக்கப்பட்டார். லியோன்பெர்க்குக்குத் திரும்ப முடியவில்லை. வந்தால் அடித்துக் கொன்றுவிடுவோம் என்று அங்கே மிரட்டினார்கள். சிறையில் நலிந்த உடம்பு தேறவில்லை. ஏறத்தாழ ஆறே மாதத்தில், 1622 ஏப்ரலில் இறந்தார். கெப்ளர் லின்ஸுக்குத் திரும்பி, பாதியில் விட்டுவந்த கோள் அட்டவணைகளின் கணக்குகளை மறுபடியும் கையில் எடுத்தார். "ருடால்ஃப் அட்டவணைகள்" என்ற பெயரில் 1627-இல் உல்ம் நகரில் அவை அச்சாகி வெளிவந்தன.